நின்று நின்று ஓடிய பச்சைக் கார்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் விழுந்தன. கூடவே பேச்சும் போனது. கை கால்களைப் பயிற்சி கொடுத்துக் கொஞ்சம் மீட்டுவிட்டார்கள். பேச்சு கெட்ட விதம்தான் வேறு. அவர் ஊமையாகவில்லை. வார்த்தைகள் வந்தன, இடம் மாறி வந்தன. சோறு கேட்க நினைத்து செருப்பு என்பார். ஃபேனைப் போடச் சொல்ல வாயெடுத்தால் சனிக்கிழமை என்று வரும். சொன்னது தப்பு என்பது அவர் காதுக்கே தெரியும். உடனே கண்ணை மூடிக்கொள்வார். சின்னச் சின்னச் சொற்கள் ஒன்றிரண்டு மட்டும், அதுவும் எப்போதாவது, சரியாக வந்து விழும். அப்படி விழும் நாளில் நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டுவேன். அவருக்கு அது பிடிக்காது.

நாங்கள் இருப்பது வீரபாண்டியில். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில், பனியன் துணி பின்னும் அவருடைய நிட்டிங் யூனிட். அவரால் முடியாமல் போனபின் மெஷின்களை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டோம். ஷெட்டின் ஒரு மூலையை மட்டும் விடவில்லை. அங்கேதான் அவருடைய பச்சைக் கார் நின்றது.

இரண்டே பேர் உட்காரும் பிரிட்டிஷ் கார் அது. மேலே கூரை கிடையாது, மழைக்கு மடக்கிப்போடும் ஒரு துணி மட்டும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் பார்த்து வாங்கியிருக்கிறார். மலை மேல் ஏதோ எஸ்டேட் துரை வைத்திருந்து, கைமாறிக் கைமாறிக் கீழே இறங்கிய வண்டி. தரைத் தகடு இற்றுப்போய், உட்கார்ந்தால் ரோடு தெரியுமாம். அதை நிமிர்த்தி ஓட வைக்க அவருக்குப் பல வருஷங்கள் ஆயின. நான் வாழ வந்தபோது அது பாதிக் காராக இருந்தது. இந்த ஊருக்கு டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்க இங்கிலாந்திலிருந்து வரும் பையர்களிடம், தனக்குத் தெரிந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் மூலமாகச் சொல்லிவைப்பார். அவர்களில் யாராவது ஒருவர் பெட்டியில் சாம்பிள் துணிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வாஷரையோ வாட்டர் பம்ப் சீலையோ சுருட்டிக் கொண்டுவந்து தருவார். வெள்ளைக்காரர் பெட்டியிலிருந்து சாக்லேட் வரும் என்று ஊர் நினைக்கும், எங்கள் வீட்டுக்கு ரப்பர்தான் வந்தது.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். அவருக்கு உடம்பு முடியாமல் போனபிறகு வேலையை விட்டுவிட்டேன். அதுவரை அந்தக் காரை நான் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லடம் ரோட்டில் போய்வருவதோடு சரி. வேறு கார் ஓட்டத் தெரியும். இதை ஓட்டக் கேட்டதும் இல்லை, அவர் கொடுத்ததும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் பகலெல்லாம் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் இருந்த இடத்தில் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நூல் மூட்டை இறக்க இடம் வேண்டுமென்று ஆட்கள் அதைச் சுவரோரமாகத் தள்ளியிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் பெட்ரோல் டேங்கின் மூடி எங்கோ தொலைந்துபோனது. மேலே பஞ்சு படிந்து பச்சை நிறமே தெரியவில்லை. ஒருநாள் காலையில் இடது கையை ஷெட்டை நோக்கி நீட்டி, "போ... பாரு," என்றார். இரண்டும் சரியான சொற்கள். எனக்கு அன்று முழுக்க வேறு நினைப்பே இல்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண்ணும், "அவருக்குப் பிடிச்சதுல கவனம் போனா நல்லதுங்க மேடம், பேச்சுக்கும் நல்லது," என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் கார் வேலையில் இறங்கினேன்.

மண்ணரையில் ஒரு மெக்கானிக் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பழைய அம்பாசிடர்களைப் பார்ப்பவர். இந்தக் காரை முன்னால் இரண்டு தடவை கழுத்தை நீட்டிப் பார்த்திருக்கிறார், என் கணவர் தொடவிட்டதில்லை. கூப்பிட்டதும் வந்தார். பானெட்டைத் திறந்தவுடன் முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா, பெட்ரோல் வாடை இந்த வீச்சு வீசுது. பைப்பு பூராவும் ஊறிப்போயி நிக்கி. இப்ப பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்குதாவல்லா, பழைய ரப்பருக்கு அது ஆகாது."

உண்மைதான். ரப்பர் குழாயை விரலால் அழுத்தினால் ஊறவைத்த அப்பளம் மாதிரி பிய்ந்தது. எல்லாக் குழாய்களையும் புதிதாக மாற்றினார். ரேடியேட்டரின் சந்துகளில் பஞ்சு அடை அடையாக இருந்தது. மெஷின் துடைக்கும் காற்றுக் குழாயை இழுத்துவந்து நான் ஊதி எடுத்தேன். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தோம். தொலைந்த மூடிக்குப் பதிலாகப் பழைய சாமான் கடையில் அளவு பொருந்தும் ஒரு மூடியை மெக்கானிக்கே தேடி வாங்கிவந்து மாட்டினார். பளபளவென்று புதிதாக இருந்தது. என் கணவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேட்டரியை மாட்டும்போது மட்டும் "வேண்டாம், வேண்டாம்," என்று சத்தம் போட்டார். இந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகவேண்டும், மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். மெக்கானிக் மாற்றிப் பிடித்திருந்தார். எனக்கு அந்தச் சத்தம் சந்தோஷமாக இருந்தது. மனுஷன் திரும்பி வருகிறார் என்று நினைத்தேன்.

கார் கிளம்பியது. ஷெட்டுக்குள் அந்தக் கனத்த சத்தம் நிறைந்தபோது மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஓடி, இருமி, நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினால் கிளம்பவில்லை. ஆறவிட்டு மதியம் கிளப்பினால் உடனே கிளம்பும், கொஞ்ச நேரம் ஓடும், இருமும், நிற்கும்.

இது ஒரு நாளோடு முடியவில்லை. வாரக்கணக்கில் இழுத்தது.

"காயிலுதான்க்கா. சூடாச்சுன்னா செத்துருது," என்றார் மெக்கானிக். காயிலை மாற்றினோம். அதே கதை. "அப்ப கண்டன்சராத்தான் இருக்கும்." அதையும் மாற்றினோம். அதன்பின், வண்டியின் பின்பக்கம் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகம் வந்தது. சாவியைத் திருப்பினால் அந்த பம்ப் பல்லி மாதிரி டிக் டிக் என்று அடிக்கும். கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கும். கார் நிற்கும்போதெல்லாம் அது அடிக்காமல் மௌனமாக இருந்தது. மெக்கானிக் ஸ்பேனரால் அதன் தலையில் தட்டுவார். சில சமயம் அடிக்கும், சில சமயம் அடிக்காது. கழற்றித் துடைத்து மாட்டினார். மேசை மேல் வைத்துப் பார்த்தால் நன்றாக அடித்தது. காரில் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் ஊமையானது.

நான் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். துணியில் ஓட்டை விழுந்தால் நூலா, ஊசியா, கையாண்ட விதமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். அப்படித்தான் இதையும் பார்த்தேன். கார் நின்றவுடன் பிளக் ஒயரைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தோம். பொறி நீலமாக வந்தது. அப்படியானால் கரண்டில் குறை இல்லை. கார்புரேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. பெட்ரோல்தான் வரவில்லை. டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது, குழாய் புதுசு, பம்ப் நன்றாக இருக்கிறது, ஆனால் வரவில்லை.

அன்றைக்கு அவர் நாற்காலியைக் காரின் பின்பக்கமாகப் போடக் கை காட்டி உட்கார்ந்திருந்தார். கார் நின்றது. மெக்கானிக் பம்பைத் தட்டப் போனார். அப்போது என் கணவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, "மூச்சு," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். முகம் சிவந்திருந்தது. இடது கை வாய்க்கு முன்னால் காற்றில் ஆடியது.

"மூச்சு... மூச்சு இல்ல."

"மூச்சு விட முடியலீங்களா? ஏனுங்க, நெஞ்சு அடைக்குதுங்களா?"

அவர் தலையை வேகமாக ஆட்டினார். ஆமாமா இல்லையா என்று புரியவில்லை. "மூச்சு, மூச்சு," என்று கத்தினார். உதட்டோரம் எச்சில் வழிந்தது. பக்கவாதம் வந்த அன்றும் இப்படித்தான் ஒரு வார்த்தையிலேயே நின்றார். மெக்கானிக்கும் மெஷின் ஆட்கள் இரண்டு பேருமாக அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். வழியெல்லாம் அவர் இடது கையால் என் தோளை அடித்துக்கொண்டே வந்தார். நான் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் பார்த்துவிட்டு அந்த டாக்டர், "இதயமும் நுரையீரலும் நல்லா இருக்குதுங்கம்மா. பயப்பட ஒண்ணுமில்ல," என்றார். அன்று சாயங்காலமே திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வரும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் நாற்காலியைப் பின்வாசலில் போட்டேன். "வேண்டாம்," என்றார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

நான் தனியாக ஷெட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். காரைக் கிளப்பினேன், ஓடியது, இருமியது, நின்றது. சாவியை அப்படியே விட்டு இறங்கி, டேங்கில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் போய் அந்தப் புது மூடியைத் திருகினேன். வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. திறந்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், யாரும் தட்டாமல் பம்ப் டிக் டிக் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எங்கும் துளையே இல்லை. பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். பழைய மூடியில் அதற்கு ஒரு துளை இருந்திருக்கிறது. இது அடைத்து வைத்த டேங்கு. பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்து, முடியாமல் நின்றிருக்கிறது.

காரணம் புரிந்த அதே நேரத்தில் அவர் சொன்னதும் புரிந்தது. அவருடைய வார்த்தைகளில் அன்று ஒன்றுகூட இடம் மாறவில்லை. டேங்குக்கு மூச்சு இல்லை. அதைத்தான் சொன்னார். சரியாகச் சொன்ன மனுஷனைத்தான் மூக்கில் குழாய் வைத்துப் படுக்கவைத்தோம்.

உள்ளே ஓடிப்போய்க் கட்டிலருகில் உட்கார்ந்து மூடியைக் காட்டினேன். "இதுதானுங்க. இதைத்தானுங்க சொன்னீங்க. எனக்குத்தான் தெரியலீங்க."

மூடியை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் உட்பக்கத்தைத் தடவினார்.

"அப்பவே," என்றார்.

அந்த ஒரு சொல்லும் சரியாகத்தான் வந்தது. நான் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை.

மெக்கானிக் மூடியில் ஊசி மாதிரி ஒரு துளை போட்டுக் கொடுத்தார். "நான் வாங்கியாந்த மூடிதானக்கா இவ்வளவு பாடு படுத்திட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் கார் நிற்கவில்லை. நான் ஷெட்டுக்கும் மெயின் ரோட்டுக்குமாக ஓட்டிப் பழகினேன். கிளச் முழங்காலைக் கொல்லும். ஸ்டியரிங் லாரி மாதிரி கனக்கும். ஆனாலும் பழகிவிட்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவரை ஏற்றிக்கொண்டு போனேன். அந்த வண்டியின் சீட் தரையோடு தரையாக இருக்கும். உள்ளே இறங்குவது சுலபம். மெல்ல விட்டால் உட்கார்ந்துவிடுவார். விழுந்த காலை நான் தூக்கி உள்ளே வைத்தேன். பல்லடம் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தபோது அவர் கண்ணை மூடவில்லை. இடது கையைக் கதவுக்கு மேலே வைத்திருந்தார். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கை சின்னதாக அசைந்தது. அந்தப் பதினைந்து இருபது நிமிஷம் நாங்கள் நன்றாக இருந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்ன நினைத்தார் என்று தெரியாது.

ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினேன். முன்பெல்லாம் அங்கேதான் டீ குடிப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கம்பெனி லீவில் ஊர் முழுக்க ரோட்டில் இருந்தது. காரைப் பார்த்ததும் ஆட்கள் கூடிவிட்டார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒருவர் பானெட்டில் சாய்ந்து நின்றார். "என்ன வண்டிங்க இது? சினிமாவுக்கு வாடகைக்கு விடுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து அவரை எழுப்பப் பார்த்தேன். எழுப்ப முடியவில்லை. சீட்டுக்குள் இறங்குவதைப் பற்றி நான் யோசித்தேன், அதிலிருந்து மேலே எழுந்து வருவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. குழிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தார். இழுத்தால் என் கை வழுக்கியது. வேட்டி விலகியது. கூட்டத்தில் போன்கள் இன்னும் உயர்ந்தபடிதான் இருந்தன.

அவர் "வேண்டாம், வேண்டாம்," என்றார். டீ வேண்டாம் என்கிறாரா, இழுக்க வேண்டாம் என்கிறாரா தெரியவில்லை. கூட்டத்திலிருந்து வடக்கத்திப் பையன்கள் கும்பல் ஒன்று முன்னால் வந்தது. அதில் திடகாத்திரமான ஒருவர் அவருடைய அக்குளில் கைகொடுத்து, "ஆராம் சே, ஆராம் சே," மெதுவாக மெதுவாக என்று இந்தியில் சொல்லிக்கொண்டே மூட்டையைத் தூக்குகிற லாவகத்தில் தூக்கி நிறுத்தினார். வேட்டியைக்கூட அவரே சரிசெய்துவிட்டார். நல்ல மனிதர். என் கணவர் அந்த ஆளின் சட்டையை இடது கையால் கொத்தாகப் பிடித்தபடி, தலையைக் குனிந்து, சத்தமில்லாமல் அழுதார். டீ குடிக்காமல் திரும்பினோம்.

மறுநாளிலிருந்து "கழுவு" என்று சொல்ல ஆரம்பித்தார். ஷெட்டைக் காட்டி, "கழுவு. கழுவு." நான் காரைக் கழுவினேன். துடைத்துக் காட்டினேன். அவர் கோபத்தில் டம்ளரை எறிந்தார். சோப்பு போட்டு மறுபடி கழுவினேன். அப்போதும் "கழுவு," என்றார், இந்தத் தடவை கெஞ்சுகிற குரலில். இது இடம் மாறிய வார்த்தை என்று தெரிந்தது, என்ன வார்த்தையின் இடத்தில் வந்தது என்று தெரியவில்லை. மூச்சு விஷயத்துக்குப் பிறகு எதையும் தள்ளவும் பயம், நம்பவும் பயம்.

மெக்கானிக் ஒருநாள் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார். என் கணவர் அவரைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கை காட்டினார். தலையணைக்கடியிலிருந்து கார் சாவியை எடுத்தார். அது எப்போது அங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக்கின் சட்டைப் பையில் சாவியைப் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார்.

"அண்ணாச்சி வண்டிய குடுத்துருங்காவக்கா," என்றார் மெக்கானிக். "என்ன அண்ணாச்சி, வித்துரணுமா?"

அவர் "சரி," என்றார். இரண்டு மூன்று தடவை "சரி, சரி," என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. "இப்பத்தானுங்க நல்லா ஓடுது. இன்னும் கொஞ்ச நாள்ல நீங்களே ஏறி எறங்குவீங்க," என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஓடாத வண்டியை யாரும் எடுத்துப்போக மாட்டார்கள் என்பதற்காகத்தான் இத்தனை நாள் பின்வாசலில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வைத்தாரோ என்று அப்போது தோன்றியது. அது நிஜமா, பேக்கரிக்குப் பிறகுதான் முடிவெடுத்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் வரும் பதிலை என்னால் நம்பவும் முடியாது.

கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொண்டார். பழைய வண்டிகள் மேல் ஆசை உள்ளவர், தன்மையாகப் பேசினார். "கண்ணு மாதிரி வெச்சுக்கறனுங்க. சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிரலாமுங்களா?" என்று கேட்டார். உள்ளே போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று வந்தவரிடம் சொல்லிவிட்டேன். ரோடு வரை நானே ஓட்டிக் கொடுத்தேன். கார் போனபின் ஷெட்டில் அந்த மூலை அன்று மாலைவரைகூடக் காலியாக இருக்கவில்லை. நூல் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் கோயமுத்தூர்க்காரரிடமிருந்து போன் வந்தது. அவிநாசி ரோட்டில் வண்டி நின்றுவிட்டதாம். வெயிலில் நிற்கிறார், பக்கத்தில் தெரிந்த மெக்கானிக் யாரும் இல்லை.

"சாவியைத் திருப்புங்க. பின்னால டிக் டிக்குன்னு சத்தம் வருதுங்களா?" என்று கேட்டேன். "வருதுங்க, விடாம அடிக்குதுங்க," என்றார். "விடாம அடிச்சா எங்கியோ காத்து இழுக்குதுன்னு அர்த்தமுங்க. பம்புக்குப் போற குழாயில கிளிப்பு லூசா இருக்கும். கையால தொட்டுப் பாருங்க, ஈரம் தட்டுப்படும்."

பேசிக்கொண்டே திரும்பினேன். என் கணவர் கட்டிலிலிருந்து எழுந்திருந்தார். என் துணை இல்லாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து, காலை இழுத்துக்கொண்டு வந்தார். அப்படி அவர் தனியாக நடந்து அதுவரை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் வரப்போகிறார், போனைக் கேட்கப்போகிறார் என்று நினைத்து நீட்டினேன். அவர் நான் நின்ற அறையின் கதவைப் பிடித்து, மெதுவாக, முழுவதுமாகச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"கிடைச்சிருச்சுங்க, கிளிப்பு லூசுதானுங்க," என்றது போன்.

இப்போதும் கோயமுத்தூர்க்காரர் மாதத்துக்கு ஒருமுறையாவது கூப்பிடுகிறார். ரேடியேட்டர் சூடாகிறது, கார்புரேட்டர் ஒழுகுகிறது, பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. போன் அடித்ததும் நான் தெருவுக்குப் போய்விடுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை மெக்கானிக்கிடம் கேட்டுச் சொல்கிறேன். திரும்பி உள்ளே போனால் யார் பேசினார்கள் என்று என் கணவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.